எர்த் ஒயர் மாட்டினால் இழுவை கூடுமா?

போடியிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்குப் பெட்ரோல் காரில் போகிறவர்களுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. அடிவாரத்தில் இருந்த இழுவை மேலே ஏற ஏறக் காணாமல் போகிறது. அந்தக் குறையோடு இணையக் கடைகளைத் துழாவினால் கண்ணில் படுகிற சாமான்களில் ஒன்று எர்த் கிட். சிவப்பும் நீலமுமாக உறை போட்ட ஐந்தாறு தடித்த ஒயர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சிலிண்டர் ஹெட், ஆல்டர்னேட்டர், பாடி என்று பல இடங்களுக்கு இழுத்து மாட்ட வேண்டும். விலை சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். பிக்-அப் கூடும், மைலேஜ் ஏறும், ஹெட்லைட் பளிச்சிடும் என்பது விற்பவர் வாக்கு. ஜப்பானில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்ப் பிரியர்களிடையே பரவிய மோகம் இது.

மலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பூப்பாறையைத் தாண்டிப் போனால் வரும் மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும் சக்தி குறையத்தான் செய்யும். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் மட்டுமே போக முடிகிற கொழுக்குமலை 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே இழப்பு இன்னும் அதிகம். ஒயர் காற்றைக் கொண்டுவராது.

அப்படியானால் எர்த் என்னதான் செய்கிறது? பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் முழுவதும் நெகட்டிவ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழிக்குத் தனித்தனி ஒயர் போடாமல், எஞ்சின் பிளாக்கையும் பாடித் தகட்டையுமே பாதையாக்கிக்கொள்கிறார்கள் கார் தயாரிப்பாளர்கள். செம்பைவிட இரும்பு மோசமான கடத்திதான். ஆனால் பாடியின் பரப்பு அவ்வளவு பெரியது என்பதால் தடை மிகக் குறைவு.

கணக்கும் சிக்கலானதல்ல. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்குத் தடை சுமார் 1 மில்லி ஓம். ஓடும் காரில் விளக்கு, ஏசி, மின்விசிறி எல்லாம் சேர்ந்து 50 ஆம்பியர் இழுத்தால் அதில் இழப்பு 0.05 வோல்ட். நல்ல நிலையிலுள்ள காரின் எர்த் பாதை முழுவதிலும் 0.1 வோல்ட் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கிட் அந்த இழப்பை அடியோடு துடைத்தெறிந்தாலும், 14 வோல்ட் ஓடும் இடத்தில் லாபம் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

அந்தத் துளி லாபமும் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. வோல்டேஜ் சற்று இறங்கினால், இக்னிஷன் காயில் மின்னேறும் நேரத்தையும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையும் எஞ்சினின் மின்னணு மூளையான ECU தானாகவே நீட்டிக்கொள்கிறது. முக்கியமான சென்சார்களின் எர்த் பெரும்பாலும் பாடிக்கே போவதில்லை. தனி ஒயரில் ECU-வுக்குத்தான் திரும்புகிறது. பழைய டீசல் ஜீப்பின் கதை இன்னும் வேடிக்கை. மெக்கானிக்கல் பம்ப் உள்ள அந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு மின்சாரமே ஏறக்குறைய வேண்டாம். அதற்கு எர்த் கிட் மாட்டி பிக்-அப் எதிர்பார்ப்பதை என்னவென்று சொல்ல?

இருந்தும், அதே ஜீப்புக்குப் புது எர்த் ஒயர் உயிர் கொடுக்கும் நேரமும் உண்டு. தேனிப் பக்கத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறும் ஜீப்புகள் மழையிலும் சேற்றிலும் கிடப்பவை. எஞ்சினைச் சேசிஸோடு இணைக்கும் பின்னல் பட்டை நைந்துபோகும். அதன் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும். செல்ஃப் மோட்டாருக்கோ நூறு, இருநூறு ஆம்பியர் தேவை. அப்போது செல்ஃப் முனகும், விளக்கு மங்கும். பட்டை அறவே அறுந்துவிட்டால், மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சுட்டால் காரணம் இதுதான்.

பாலக்காட்டு எல்லையில் தொல்லை வேறு விதம். வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. அமில ஆவி பட்டு டெர்மினல் பூத்துப்போகிறது. இதற்கு மருந்து வெந்நீரும் உப்புத்தாளும்தான்.

கிட் மாட்டியவர்களில் சிலர் வண்டி மாறிவிட்டது என்று அடித்துச் சொல்வது பொய்யில்லை. மாட்டும்போது பூத்த டெர்மினலைச் சுரண்டுகிறார்கள், தளர்ந்த போல்ட்டை முடுக்குகிறார்கள். பேட்டரியைக் கழற்றியதால் பல கார்களில் ECU கற்றுவைத்திருந்தது அழிந்து, ஐட்லிங்கும் ஆக்சிலரேட்டரும் சில நாள் வேறு மாதிரி இருக்கும். காசு கொடுத்தவரின் ஆசையும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது. பெயர் வாங்கிக்கொள்வது கிட்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்தியது எதுவும் அகப்படவில்லை. 1996-இல், பிறகு பொய்த்துப்போன மூலிகைப் பெட்ரோலைக் கொண்டாடிய நமக்கு இதில் வியப்பு எதற்கு?

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்குச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டிசி வோல்டேஜில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் சிவப்பு முனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்திலும் வைக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க, இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது, கிட் வீண். 0.5-ஐத் தாண்டினால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. பழைய பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு மேலும் ஒயர் போட்டே தீருவேன் என்பவர்கள், ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் உட்கார்ந்திருக்கும் பேட்டரி சென்சாரைக் கவனிக்க வேண்டும். ஒயரைத் தூணிலேயே நேராக மாட்டினால் அந்த மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது, சார்ஜ் அளவு தப்பும். மாட்டுவதென்றால் சென்சாருக்கு அப்பால், பாடிப் பக்கம் மாட்ட வேண்டும்.