மூலிகைக்கும் உண்டு முட்டைக் கணக்கு

கறம்பக்குடி வட்டாரத்தில் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு மூலிகைக் குடற்புழு நீக்கம் புதிய செய்தி இல்லை. வேப்பிலை, தும்பை, பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், பாகற்காய், வாழைத்தண்டு ஆகியவற்றை அரைத்து, வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுக்கும் கைமருந்தைப் பக்கத்துத் தஞ்சாவூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வு மையம் பரப்பியது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆட்டின் வயிற்றுப் புழு பெரும்பாலும் ஆட்டோடு முடிந்துவிடும். மருந்து பாதிதான் வேலை செய்தது என்றால், எடை குறைந்த குட்டியால் வரும் நஷ்டம் வளர்ப்பவருடையது. அதே நம்பிக்கையில் நாய்க்கும் மூலிகை கொடுக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒட்டுண்ணிக்குக் கொடுக்கும் மருந்து பாதி வேலை செய்தால், மீதிக்கான விலையை அந்த நாயோடு சம்பந்தமே இல்லாத குழந்தை கொடுக்க நேரிடும். ஆகவே இந்த நோய்களில் மூலிகையைச் சோதிக்கும் அளவுகோல் வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்.

எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவைப் பாருங்கள். நீளம் சில மில்லிமீட்டர்தான். ஆடு வெட்டும் இடத்தில் வீசப்படும் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டியைத் தின்னும் நாயின் குடலில் அது வளர்ந்து, ஆறேழு வாரத்தில் முட்டையை வெளியேற்றத் தொடங்கும். மண், கீரை, கை வழியாக அந்த முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால், ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். குடலில் புழு நிறைந்திருந்தாலும் நாய் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே திரியும். நோயே தெரியாத நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, ‘நாய் தெளிந்துவிட்டது’ என்று சொல்வதில் சான்று எதுவும் இல்லை.

‘தலைமுறை தலைமுறையாகக் கண்ட பலன் சான்றாகாதா?’ என்ற கேள்வி நியாயமானது. எந்தச் செடியைச் சோதிக்கலாம் என்று வழிகாட்ட அந்த அனுபவத்தைவிட நல்ல துணை இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்ல அது போதாது. மழை, வெயில், தீவனம், வளரும் குட்டியின் எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றைப் பொறுத்துப் புழு முட்டை தானாகவே கூடும், குறையும். மருந்து கொடுக்காத இன்னொரு குழுவை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் குறைந்தது மருந்தாலா, பருவத்தாலா என்று தெரியும். நம்மூர்க் கருவேலம் இதற்கு எடுத்துக்காட்டு. அதிலுள்ள துவர்ப்புச் சத்து புழுவை ஒடுக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஜிம்பாப்வேயில் வெள்ளாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான முடிவின்படி, அதன் ஆப்பிரிக்க உறவுமரம் ஒன்று புழுவைக் குறைத்தது. கருவேலம் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. உறவு மரங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், ‘மூலிகை’ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

தள்ளக்கூடாது என்பதற்குப் பாக்கே சாட்சி. பாக்கிலுள்ள அரிகோலின் நாயின் நாடாப்புழுவை மயக்கிப் பேதியோடு வெளியேற்றும். 1959இல் சட்டம் இயற்றி எக்கினோகாக்கஸ் தரும் நீர்க்கட்டி நோயை எதிர்த்த நியூசிலாந்து, தொற்றுள்ள நாய்களைக் கண்டறிய இதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அதன் பலன் நாய்க்கு நாய் மாறியது, பக்கவிளைவும் அதிகம். பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. அதே பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பலன் உண்மை, தீங்கும் உண்மை. அளவு தெரிந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

‘ஆலை மருந்துகளுக்கே புழுக்கள் அசைவதில்லையே?’ என்பது அடுத்த ஆட்சேபம். தமிழ்நாட்டு ஆடுகளின் புழுக்களில் பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாகியிருப்பது உண்மை. அது தெரியவந்ததே முட்டையை எண்ணியதால்தான். மருந்துக்குப் பின் 95 விழுக்காட்டுக்குக் குறைவாக முட்டை குறைந்தால் சந்தேகப்படுவது உலக வழக்கம். ஆலை மருந்தை மாட்டிவிட்ட அதே கணக்கை மூலிகைக்கு மட்டும் தள்ளுபடி செய்வது சரியில்லை. சோதனை என்றாலே கோடிக்கணக்கில் செலவு என்பதும் முழு உண்மை இல்லை. நுண்ணோக்கி, அடர்ந்த உப்புக் கரைசல், கட்டம் போட்ட கண்ணாடிச் செல் இருந்தால் முட்டையை எண்ணலாம். நைஜீரியாவில் பப்பாளி விதையைத் தேனில் கலந்து 30 குழந்தைகளுக்கும், வெறும் தேனை 30 குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவில் முதல் குழுவில் 23 பேருக்கும் இரண்டாவதில் 5 பேருக்கும் மலத்தில் ஒட்டுண்ணி மறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனால் ஒப்பீடு இருப்பதால் அதைப் பேச முடிகிறது.

கறம்பக்குடிக்கு அருகே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய சோதனையை நாய்க்குட்டிகளின் உருளைப்புழுவில் தொடங்கலாம். தாய் வயிற்றிலேயே தொற்றிப் பிறக்கும் குட்டிகளிடம் முட்டை ஏராளம். புதிதாக வெளியேறிய முட்டை மண்ணில் சில வாரம் பழுத்த பிறகே தொற்றும் என்பதால் எண்ணுபவருக்கும் ஆபத்து குறைவு. மூலிகை தோற்ற குட்டிக்கு உடனே தேர்ந்த மருந்து கிடைக்க வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். எக்கினோகாக்கஸ் முட்டை புதிதாகவே தொற்றக்கூடியது. நுண்ணோக்கியில் நெருங்கிய உறவு நாடாப்புழுக்களின் முட்டையிலிருந்து பிரித்தறியவும் முடியாது. ஆகவே அது பாதுகாப்பான ஆய்வகத்தின் வேலை. அந்த முடிவுகள் வரும்வரை நாய்க்கு பிராசிகுவாண்டல் கொடுப்பதும், வெட்டிய ஆட்டின் கட்டி விழுந்த ஈரலை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைப்பதும்தான் நிரூபணமான வழி. கைமருந்தும் அந்த வரிசையில் இடம்பெறட்டும். முட்டை எண்ணிக்கை சரி என்று சொன்ன பிறகு.