மீட்டுப் பார்த்த படியே காப்புப்படி

2021 மார்ச் 10 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நடுவம் தீப்பற்றியது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் முடங்கின. காப்புப்படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர், மூலத்தையும் படியையும் ஒரே தீயில் இழந்தனர்.

இணையத்தளம் என்பது இரு கூறுகளால் ஆனது. படங்கள், நிரல்கள் முதலான கோப்புகள் ஒரு கூறு. அவை அரிதாகவே மாறும். கட்டுரைகளும் பயனர் கணக்குகளும் விற்பனைப் பதிவுகளும் உறையும் தரவுத்தளம் மற்றொரு கூறு; அது நொடிதோறும் மாறும். கோப்புகளை அப்படியே நகலெடுக்கலாம். இயங்கும் தரவுத்தளத்தை அவ்வாறு எடுத்தால், நகலின் தொடக்கம் ஒரு கணத்தையும் முடிவு வேறொரு கணத்தையும் காட்டும். பணம் பெற்ற பதிவு இருக்கும். அப்பணத்திற்குரிய பொருள் எது என்னும் பதிவு இராது. ஆதலின் ஒரு கணத்தின் நிலையை முழுமையாகப் பிடித்து எழுதித்தரும் ஏற்றுமதிக் கருவியைக் கொண்டே அதைப் படியெடுத்தல் வேண்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள்கள் இரண்டுமே அத்தகைய கருவியுடன் வருகின்றன.

இப்பணியை மனித நினைவை நம்பி விடலாகாது. குறித்த நேரத்தில் கட்டளையை இயக்குவதற்கென யூனிக்சு வழிவந்த வழங்கிகளில் 'கிரான்' என்னும் நிரல் உண்டு. அதில் '30 2 * * *' என்று எழுதினால், ஐந்து இடங்களும் முறையே மணித்துளி, மணி, நாள், மாதம், கிழமை ஆகியவற்றைக் குறிக்கும். உடுக்குறி 'எல்லாம்' எனப் பொருள்படும். அதனை அடுத்துள்ள கட்டளை நாள்தோறும் 2.30 மணிக்குத் தானே இயங்கும். வழங்கியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், அந்த 2.30 இந்தியாவில் காலை 8 மணி என்பதையும் கருதுக.

எடுத்த படி வேற்றூர் வழங்கிக்குச் செல்லவேண்டும். அவ்வழங்கியே வந்து படியை எடுத்துச் செல்வது நன்று. தளத்தின் வழங்கிக்குப் பழைய படிகளை அழிக்கும் உரிமை இருந்தால், அதனுள் ஊடுருவியவனுக்கும் அவ்வுரிமை கிட்டிவிடும். 7 நாட்படிகள், 4 வாரப்படிகள், 12 மாதப்படிகள் என 23 படிகள் இருப்பின், பல வாரங்கள் கழித்துக் கண்டறிந்த கேட்டையும் கடந்து பின்செல்லலாம்.

இத்தனையும் செய்தபின்னும் ஒன்று எஞ்சுகிறது: படியை மீட்டுப் பார்த்தல். 2017 சனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் வழங்கி மாறி, மூலத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டு தரவு போயிற்று. நாள்தோறும் படியெடுக்கும் ஏற்பாடு அங்கு இருந்தது. ஆனால் ஏற்றுமதிக் கருவி 9.2-ஆம் பதிப்பு, தரவுத்தளமோ 9.6. எனவே அப்பணி ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் தள்ளப்பட்டன. வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த படி ஒன்றே கைகொடுத்தது. நடந்தது முழுவதையும் அந்நிறுவனம் ஒளிக்காது எழுதி வெளியிட்டது. அந்த நேர்மைக்கு இத்துறையினர் அனைவரும் கடன்பட்டவர்கள்.

தளம் நடத்தும் அன்பர்களே, இந்த வாரமே உங்கள் படியை வெற்று வழங்கி ஒன்றில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். நேற்று வெளியிட்ட கட்டுரை அதில் இருக்கிறதா எனத் தேடுங்கள். மீட்க எத்தனை மணித்துளி ஆயிற்று என்பதையும் குறித்து வையுங்கள்.