வழிகாட்டிப் பலகையும் நம் கண்களும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இரவில் வாகனம் ஓட்டும் முதியோருள் சிலர், வழிகாட்டிப் பலகையிலுள்ள ஊர்ப்பெயர் மிக அருகில் சென்ற பின்னரே தெரிகிறது என்பர். பலகை மங்கிவிட்டது எனக் கருதி அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதும் உண்டு. குறை பலகையில் இருக்கலாம், கண்ணிலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது நலம்.

சாலைப் பலகையின் எழுத்துகள் தொலைவிலிருந்து படிப்பதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. பிரிட்டனில் ஜாக் கின்னீர், மார்கரெட் கால்வர்ட் ஆகிய இருவர் உருவாக்கிய புதிய பலகைகள் 1958 இல் பிரஸ்டன் புறவழிச் சாலையில் நிறுவப்பட்டன. ஆங்கிலப் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதாமல், முதலெழுத்தை மட்டும் பெரிதாக அமைத்தனர். அதனால் ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் தனித்த வடிவம் கிடைத்தது.

தமிழில் அத்தகைய வேறுபாடு இல்லை. நமக்குச் சுழிகளும் புள்ளிகளுமே அடையாளம். 'கடலூர்' என்பதில் ஒரு புள்ளி. 'சிதம்பரம்' என்பதில் இரண்டு. முகப்பு விளக்கின் ஒளி பட்டு எழுத்து ஒளிரும்போது, கோடுகள் மிகத் தடித்திருந்தால் சுழியின் உள்வெளி அடைபட்டுத் தோன்றும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே எழுத்தின் உயரம் மட்டுமன்றி இடைவெளியும் இன்றியமையாதது.

இனிக் கண்ணின் பங்கைக் காண்போம். 15 செ.மீ. உயரமுள்ள எளிய எழுத்தை, 6/6 பார்வை உடையவர் ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க இயலும். 6/12 பார்வை உடையவர் 50 மீட்டர் வரை நெருங்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் முன்னவருக்கு 6 விநாடி கிடைக்கும். பின்னவருக்கு 3 விநாடியே. அதற்குள் படித்து, முடிவெடுத்து, வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும்.

கண்புரை உள்ளவர்களுக்கு இன்னல் மேலும் மிகுதி. கலங்கிய வில்லை ஒளியைச் சிதறடிப்பதால், எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்; பலகையின் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். பகலில் நன்றாகப் படிப்பவருக்கும் இரவில் இந்நிலை நேரலாம்.

குடும்பத்தினர் இதனை எளிதில் கண்டறியலாம். ஓட்டுபவர் தமக்குரிய கண்ணாடியை அணிந்திருந்தும், அருகில் அமர்ந்திருப்பவர் பலகையை எப்போதும் வெகு முன்னதாகவே படித்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். அவ்வாறாயின் கண் பரிசோதனைக்குக் காலந்தாழ்த்த வேண்டாம். அதுவரை இரவில் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் குறை எதுவும் தோன்றாவிடினும் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பரிசோதனையின்போது கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடப்பட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். அன்று தாமே வாகனம் ஓட்டி வராமல், துணைக்கு ஒருவரை அழைத்து வருமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.