உச்சமுனையைத் தேடுகிறவருக்கு உச்சமுனைக்காரரே பதில் சொல்லட்டும்

பாலாவிச் சந்தியில் பஸ் கற்பிட்டிப் பக்கம் திரும்பும்போது, அதில் இருக்கிற சுற்றுலாப் பயணிக்கு முடிவெடுக்க இனி எதுவும் மிச்சமில்லை. யாருடைய படகில் ஏறுவது, எந்த வீட்டில் தங்குவது, என்ன விலை என்பதையெல்லாம் அவர் கொழும்பிலோ பெர்லினிலோ இருந்தபடியே கைப்பேசியில் தேடித் தீர்மானித்துவிட்டார். தேடியபோது முதலில் கண்ணில் பட்டவருக்கு வேலை கிடைத்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கடலோடு வாழ்கிற மீனவரின் பெயர் அங்கே வரவில்லையென்றால், அவருடைய அறிவுக்கு அந்தப் பயணத்தில் இடமே இல்லாமல் போகிறது.

உச்சமுனை, கற்பிட்டியிலிருந்து களப்பைக் கடந்து படகில் போகிற மீனவர் பூமி. ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் களப்பும் கண்டலும். கற்பிட்டியை ஒருங்கிணைந்த சுற்றுலா வலயமாக்க அரசு தீட்டிய திட்டத்தில் 14 தீவுகள் அடங்கின. உச்சமுனையும் அவற்றில் ஒன்று. திட்டக்காரர்கள் இந்த மண்ணைப் பற்றி நிறைய எழுதினார்கள். முதலீட்டாளர்களும் பயண நிறுவனங்களும் எழுதினார்கள். உச்சமுனையில் வாழ்கிறவர்கள் எழுதியது மிகக் குறைவு. கடற்கரை நிலம் யாருக்கு என்ற வழக்குப் பழையது. கடற்கரையின் பெயரைத் தேடினால் யாருடைய குரல் கேட்கிறது என்பது புதிய வழக்கு. இதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை. ஒழுங்காக அமைத்த ஓர் இணையத்தளம் போதும்.

வெளிநாட்டு முன்பதிவுத் தளங்கள் ஓர் அறைக்குப் பொதுவாக 15 சதவீதத்தை ஒட்டித் தரகு எடுக்கின்றன. அவற்றை முழுக்கக் கைவிடச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஆள் கொண்டுவருபவை அவையே. ஆனால் அறையும் படகும் நம்முடையதாக இருக்கும்போது, வாசல் மட்டும் காலம் முழுக்க இன்னொருவரிடம் இருக்கக் கூடாது. முகநூல் பக்கமும் அப்படித்தான்: நேற்றுப் போட்ட படம் நாளை கீழே போய்விடும், தேடுபொறிக்கு அதில் பாதி தெரியவும் தெரியாது.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது? முதலில் அதன் நிரல் ஒன்று பக்கம் பக்கமாகப் போய் வாசிக்கிறது. வாசித்ததை மாபெரும் அட்டவணையில் பதிகிறது. யாராவது தேடும்போது, அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசைப்படுத்துகிறது. லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கொண்டுவந்த முக்கிய யோசனை இந்த வரிசை பற்றியது. ஆய்வுக் கட்டுரையின் மதிப்பை, வேறு எத்தனை கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டுகின்றன என்பதை வைத்து அறிஞர்கள் கணிப்பது வழக்கம். அதேபோல ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவருக்கு என்ன மதிப்பு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இன்று அந்தக் கணக்கில் இன்னும் எத்தனையோ சேர்ந்துவிட்டன. வாசிப்பது, பதிவது, வரிசைப்படுத்துவது என்ற மூன்று படிகள் மட்டும் மாறவில்லை. முதற்படியில் தவறினால் மற்ற இரண்டும் இல்லை.

அந்த முதற்படியில்தான் இலங்கைத் தமிழ்த் தளங்கள் பல காலம் வழுக்கின. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய கைகள் நம்முடையவை. பாமினியில் 'அம்மா' என்று நாம் காண்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே இருக்கிறது. எழுத்துருவை நீக்கினால் அங்கே தமிழே இல்லை. தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டையே வாசிக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடே இதற்குத் தீர்வு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. பழைய பாமினிக் கோப்புகள் கையில் இருந்தால் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்றவற்றால் நொடியில் யூனிகோடுக்கு மாற்றலாம். இதைவிட அதிகம் நடக்கிற பிழை இன்னொன்று: விலை, தொலைபேசி எண், படகு நேரம் எல்லாவற்றையும் அழகான போஸ்டராக வடிவமைத்து, அந்தப் படத்தை மட்டும் தளத்தில் ஏற்றுவது. படம் படமாகவே இருக்கட்டும். அதிலுள்ள செய்தியைக் கீழே எழுத்திலும் தர வேண்டும்.

இதற்கு நம் நடுவிலேயே மிக நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி வைத்திருக்கிறது. வருடிய கோப்புகள் பெரும்பாலும் படங்களே. ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. அதில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் யூனிகோட் எழுத்தில் இருக்கின்றன. ஆசிரியர் பெயரைத் தொட்டால் அவரது மற்ற நூல்கள், ஆண்டைத் தொட்டால் அந்த ஆண்டின் நூல்கள் என்று பக்கங்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. மறந்துபோன சிற்றிதழின் பெயரைத் தேடுகிற ஒருவர் அங்கே போய்ச் சேருவதற்கு இந்த ஒழுங்கே காரணம். தேடுபொறிக்கென்று எந்த மந்திரமும் தேவையில்லை. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குத் தெளிவான தலைப்பு, பக்கங்களுக்கிடையே பொருளுள்ள இணைப்பு. புதிதாகத் தளம் தொடங்குகிறவர் வேறெதையும் படிக்காவிட்டாலும் நூலகத்தின் நான்கு பக்கங்களைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

இனி உச்சமுனைக்கு வருவோம். முகப்பில் 'வரவேற்கிறோம்' என்று மட்டும் எழுதிய பக்கத்தை யாரும் தேடப்போவதில்லை. தேடுகிறவர் தட்டுவது கேள்வியை. கற்பிட்டியில் டொல்பின் பார்க்க எந்த மாதம் நல்லது? உச்சமுனைக்குப் படகு எங்கிருந்து புறப்படும்? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? குடிநீர், கழிவறை வசதி எப்படி? இராத்தங்க முடியுமா? இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நேர்மையான பதில் எழுதுவதுதான் இந்தக் கலையில் முக்கால் பங்கு. பக்கத்தின் தலைப்பிலும் அந்தச் சொற்களே வரட்டும்: 'உச்சமுனைப் படகுப் பயணம்: நேரம், கட்டணம்' என்பது போல. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்பே. எல்லாப் பக்கத்துக்கும் கடையின் பெயரையே தலைப்பாக வைப்பவர்கள், கிடைத்த இடத்தை வீணாக்குகிறார்கள்.

பருவம் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்திலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும். காற்றாடிச் சறுக்கலுக்கு வருகிறவர்களுக்கு அதுவே திருவிழாக் காலம். அதே காற்றில் வெளிக்கடல் கொந்தளிப்பதால் டொல்பின் பார்க்கப் போவது சிரமம். நவம்பருக்குப் பிறகு கடல் அடங்கி, ஏப்ரல் வரை சுழல் டொல்பின்கள் பெருங்கூட்டமாகத் தெரியும். கொழும்பு நிறுவனத்தின் தளத்திலும் இந்த அளவு இருக்கும். ஆனால் சோளகம் தணிகிற அறிகுறி என்ன, எந்தப் பக்கக் கரையில் அலை அடங்கியிருக்கும், காலை எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதை உச்சமுனைக்காரரால் மட்டுமே எழுத முடியும். இன்று கூகுள் பல கேள்விகளுக்குத் தானே விடை தொகுத்துத் தருகிறது. அந்த விடையும் எங்கோ யாரோ எழுதிய பக்கங்களிலிருந்து எடுக்கப்படுவதே. ஏற்கெனவே நூறு தளத்தில் இருப்பதைத் திருப்பி எழுதினால் நமக்கு அங்கே வேலையில்லை.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் 'முனை' என்று முடிப்பவர்களும் உண்டு, 'முனே' என்று முடிப்பவர்களும் உண்டு. தமிழில் சிலர் உச்சிமுனை என்கிறார்கள். தலைப்பில் ஒன்றை உறுதியாக வையுங்கள். மற்ற வடிவங்கள் பக்கத்தில் ஓரிடத்தில் இயல்பாக வந்தால் போதும். ஒரே சொல்லைப் பத்துத் தடவை அடுக்குவதைக் கூகுள் மோசடியாகவே கருதும். 'கீவேர்ட்ஸ்' பெட்டியை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டியை வரிசைப்படுத்தலில் கணக்கிலெடுப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

மொழி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெளிநாட்டாருக்கு ஆங்கிலம், கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களுக்குச் சிங்களம் இரண்டும் வேண்டும். ஆனால் தமிழ்ப் பக்கத்தைக் கடைசியாகச் செய்யலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் தேடுகிற தமிழர் இருக்கிறார்கள். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஓகஸ்ட்டில் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். ஆங்கிலத்தில் கற்பிட்டிக்காக நூற்றுக்கணக்கான தளங்கள் மோதுகின்றன. தமிழில் களம் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடக்கிறது. மூன்று மொழிக்கும் தனித்தனிப் பக்கம் வையுங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை வாசிக்காமல் ஏற்றிவிடாதீர்கள்.

தளத்தைத் திறக்கிற நாளில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் கட்டுகிறவர்கள், வேலை முடியும்வரை தேடுபொறிகள் வராமலிருக்க 'வாசிப்பு' அமைப்பில் ஒரு கட்டத்தில் சரியடையாளம் போடுவதுண்டு. திறக்கும்போது அதை எடுக்க மறந்தால், மாதக்கணக்கில் உழைத்த தளம் கூகுளுக்கு இல்லாத தளமே. அந்தச் சரியை எடுத்த பிறகு கூகுள் சேர்ச் கொன்சோலில் தளத்தைப் பதிந்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். இரண்டும் இலவசம். யார் எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்பதை அந்தக் கொன்சோலே பிறகு காட்டும். அடுத்து எதை எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

வீதியும் இலக்கமும் இல்லாத மணல்வெளியில் முகவரி எதைக் கொடுப்பது என்ற கேள்வி வரும். கூகுள் வரைபடத்தில் வணிகப் பதிவு ஒன்றை உருவாக்கி, படகுத்துறையையோ வீட்டையோ சரியான புள்ளியில் குத்துங்கள். முகவரி இல்லாத இடங்களுக்காகவே வந்த பிளஸ் கோட் அந்தப் புள்ளிக்குக் கிடைக்கும். வந்துபோனவர்களிடம் இரண்டு வரி கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். பணம் கொடுத்தோ உறவினரைக் கொண்டோ எழுதவைக்காதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். தளம் கைப்பேசியில் நன்றாகத் தெரிய வேண்டும், ஏனெனில் கூகுள் இப்போது கைப்பேசி வடிவத்தையே வாசிக்கிறது. கமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். களப்போரத்தில் சிக்னல் மெலிந்த இடத்திலும் பக்கம் திறக்க வேண்டும். வட்ஸ்அப் எண் எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும்.

இணைப்புகள் விடயத்தில் மட்டும் கவனம். ஆயிரம் இணைப்பு இத்தனை ரூபா என்று விற்கிறவர்கள் உண்டு. 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பென்குயின் மாற்றம் அப்படி வாங்கிய இணைப்புகளால் ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. நமக்கு வேண்டியவை சில உண்மையான இணைப்புகள்: கற்பிட்டியில் காற்றாடிப் பள்ளி நடத்துகிறவரிடமிருந்து, உங்கள் படகில் வந்து பயணக் குறிப்பு எழுதியவரிடமிருந்து, மன்றம் ஒன்றின் பக்கத்திலிருந்து. முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதும் கூகுள் தரப்புச் சொன்ன கணக்கே. நவம்பர் டொல்பின் பருவத்துக்கு ஒக்டோபரில் தளம் திறப்பவருக்கு அந்தப் பருவம் கிடைக்காது. சோளகம் தொடங்குகிற காலத்திலேயே தளம் எழுந்து நிற்க வேண்டும். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் கணினி படித்த பிள்ளைகளே, உங்கள் அப்பாவும் மாமாவும் கடலைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு யூனிகோடில் எழுதுங்கள். ஒரு பக்கம் எழுதிவிட்டீர்களென்றால் இந்த மாதமே ஏற்றிவிடுங்கள்.