ஒரு கிணறும் பல பங்காளிகளும்

தோட்டக் கிணறு ஒன்றுக்குப் பங்காளிகள் மூவர் இருப்பின், இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்து நீர் பாய்ச்சுவது நம் கரிசல் சீமையில் பழைய வழக்கம். தம் முறை வந்த நாளில் ஒவ்வொருவரும் கிணறு முழுவதும் தமக்கே உரியது என்ற எண்ணத்தோடுதான் பாய்ச்சுவர். முறை பிசகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருப்பார். இக்காட்சியை மனத்திற் கொண்டால் 'விர்ச்சுவல் மெஷின்' எனப்படும் மெய்நிகர் கணிப்பொறி எளிதில் விளங்கிவிடும். ஒரே கணிப்பொறியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணிப்பொறி என்றே கருதிக்கொள்ளுமாறு செய்யலாம். பங்கிட்டுத் தரும் பெரியவருக்கு 'ஹைப்பர்வைசர்' என்று பெயர். இடந்தரும் உண்மைக் கணிப்பொறி வீடு. உள்ளே இயங்குவது விருந்தாளி.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தார் சி.பி-40 என்னும் அமைப்பை 1967இல் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர். 1972இல் வி.எம்/370 அறிவிக்கப்பட்டது. ஒரு செயலி இவ்வாறு பங்கிடத்தக்கதாக இருக்க வேண்டுமாயின் அதன் கட்டளைகள் எத்தன்மையனவாக இருத்தல் வேண்டும் என்பதை போபெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் 1974இல் வரையறுத்தனர். நம் மேசைமீதுள்ள இன்டெல் வகைச் செயலிகள் அவ்வரையறைக்கு நெடுங்காலம் பொருந்தவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் மென்பொருள் உத்தியாலேயே இக்குறையைத் தாண்டியது. பின்னர் 2005இல் இன்டெல் நிறுவனமும் 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் செயலிக்குள்ளேயே அதற்குரிய வசதியை அமைத்துத் தந்தன. இவ்வசதியை நினைவிற் கொள்க. தொல்லைகளில் பாதி இதனால்தான் வருகின்றன.

நிற்க. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நாங்கள் மூவர் குளத்தூர்ச் சுற்றுவட்டார மானாவாரி நிலங்களின் கணக்கைத் திரட்டினோம். உளுந்து, கம்பு, மிளகாய் எந்த நாளில் விதைக்கப்பட்டன, விதைத்தபின் எத்தனை மழை பெய்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். அவற்றைச் சேமிக்கும் தரவுத்தளம், என் பழைய மடிக்கணிப்பொறியில் 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்னும் ஹைப்பர்வைசரின் மேல், லினக்ஸ் விருந்தாளிக்குள் இருந்தது. இன்று ஆரக்கிள் நிறுவனத்திடமுள்ள இம்மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. ஆகவே மாணவர்க்கு உகந்தது. ஆனால் எனக்கு அது மூன்று மாதம் ஓயாமல் தொல்லை தந்தது.

முதல் நாளே அது இயங்க மறுத்தது. 'வி.டி-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது' என்றொரு செய்தி வந்தது. மேலே சொன்ன செயலி வசதியின் பெயரே வி.டி-எக்ஸ். பல கணிப்பொறிகளில் அது தொடக்க அமைப்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கணிப்பொறி விழித்தெழும் நொடியில் உரிய விசையை அழுத்தி, 'பயாஸ்' பக்கத்துள் சென்று அதனை இயக்கிவிட்டால் தீர்ந்தது. மென்பொருளை மூன்று முறை நீக்கி நிறுவிய பிறகே நான் இதனை அறிந்தேன் என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் மன்னிப்பார்களாக.

இயங்கியபின் வேறொரு வேடிக்கை. சாளரத்தின் கீழ் மூலையில் ஒரு சிறிய பச்சை ஆமைப் படம் தோன்றியது! அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் அஃது ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் தனக்கென 'ஹைப்பர்-வி' என்னும் வேறொரு ஹைப்பர்வைசரை வைத்திருக்கிறது. விண்டோஸின் சில பாதுகாப்பு வசதிகளும் அதன்மீதே நிற்கின்றன. அது முன்னரே செயலி வசதியைக் கைப்பற்றிக்கொண்டால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில்தான் ஓடவேண்டும். ஆமை நடையாகத்தான் ஓடும். ஒரு கிணற்றுக்கு இரண்டு பெரியவர்கள் இருந்தால் என்னவாகுமோ அதுதான். லினக்ஸ் வீடுகளுக்கும் இது புதிதன்று. 2024 நவம்பரில் வந்த 6.12ஆம் லினக்ஸ் கருவில், அதன் சொந்தப் பங்கீட்டாளராகிய கே.வி.எம். ஏற்றப்பட்ட உடனேயே செயலி வசதியைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கியதால் விர்ச்சுவல்பாக்ஸ் பலருக்கும் நின்றுபோயிற்று. கே.வி.எம். கூறுகளை இறக்கிவிட்டவர்களுக்கு மீண்டும் ஓடிற்று.

நினைவகத்தைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. நான்கு ஜி.பி. உள்ள வீட்டில் மூன்று ஜி.பி.யை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரர் திண்ணையில் படுக்க வேண்டியதுதான். இரண்டுக்குக் குறைத்தேன், இரண்டுமே பிழைத்தன.

என்னை உண்மையில் வருத்தியது வட்டு. விருந்தாளியின் வட்டு என்பது வீட்டைப் பொறுத்தவரை ஒரு பெரிய கோப்பு, அவ்வளவே. தேவைக்கேற்ப வளரும் வகையில் அமைத்திருந்தால் அது வளரும். உள்ளே எதை அழித்தாலும் தானாகச் சுருங்காது. வளர்ந்து வளர்ந்து வீட்டின் வட்டு நிரம்பியதும், விர்ச்சுவல்பாக்ஸ் விருந்தாளியை அப்படியே நிறுத்திவைத்து இடமில்லை என்று அறிவித்தது. அது நல்ல ஏற்பாடு. வீட்டில் வேறு எதையேனும் நீக்கி இடம் உண்டாக்கி, தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

நானும் இடம் உண்டாக்கினேன். எதை நீக்கினேன் என்பதில்தான் பிழை. 'ஸ்னாப்ஷாட்ஸ்' என்னும் உறைக்குள், எண்ணும் எழுத்துமாக நீண்ட, பொருளற்ற பெயருடன் ஒரு பெருங்கோப்பு கிடந்தது. ஸ்னாப்ஷாட் என்பது பழைய நிலையின் நிழற்படம்தானே, பழையது போனால் போகட்டும் என்று நிலையாக அழித்துவிட்டேன். தோழர்களே, உண்மை நேர்மாறானது. ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் மூலக்கோப்பு உறைந்துவிடுகிறது. அதன்பின் எழுதுவன யாவும் அந்த நீண்ட பெயர்க் கோப்பில்தான் சேர்கின்றன. பழையது என்று நான் எண்ணியதே புதியது. பதினொரு நாள் உழைப்பு போயிற்று. ஸ்னாப்ஷாட்டை நீக்க விரும்பினால் விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். அப்போது அது இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடும். அந்த இணைப்புக்கும் வட்டில் இடம் வேண்டும் என்பதால், முழுதும் நிரம்பும்வரை காத்திராமல் முன்னரே செய்தல் நலம்.

குறிப்பேட்டில் எழுதியவற்றை மீண்டும் உள்ளிட்டோம். நேரே கணிப்பொறியில் பதிந்தவற்றிற்கு மறுபடியும் ஊர் ஊராகச் சென்றோம். தோழர்கள் இருவரும் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதுதான் கடினமாக இருந்தது. ஒரு பாட்டி மட்டும், "அன்னைக்கு எழுதுனீகளே, அதுக்குள்ள முழுங்கிட்டதா ஒங்க பெட்டி?" என்று கேட்டுவிட்டு, சித்திரைமுதல் பெய்த மழையை நாள் பிசகாமல் மறுபடியும் சொன்னார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் கோடைமழை, மின்சாரம் போயிற்று, மடிக்கணிப்பொறியின் பாட்டரியோ முன்பே செத்தது. விளக்கு வந்ததும் பார்த்தால் விருந்தாளியின் பெயருக்கு எதிரே 'அணுக இயலாதது' என்றிருந்தது. இம்முறை எதையும் அழிக்கவில்லை. முதற்காரியமாக உறை முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுத்தேன். பிறகு பார்த்ததில், விருந்தாளியின் அமைப்பை விவரிக்கும் சிறு கோப்பு வெறுமையாகியிருந்தது. மின்சாரம் போனபோது அது பாதி எழுதப்பட்டிருக்க வேண்டும். நல்லவேளையாக விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முந்தைய நிலையை, பெயரின் இறுதியில் 'பிரிவ்' என்று சேர்த்து, அருகிலேயே வைத்திருக்கும். அதனைப் படியெடுத்து வெறுங்கோப்பின் பெயரை இட்டதும் விருந்தாளி எழுந்து, தன் வட்டைத் தானே சரிபார்த்துக்கொண்டு நின்றது.

கோளாறு கண்டவுடன் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது நம் இயல்பு. ஆனால் ஒவ்வோர் ஓட்டத்தின் நிகழ்வுகளும் 'லாக்ஸ்' என்னும் உறையில் பதிவாகின்றன. நடப்புப் பதிவோடு பழைய பதிவுகள் மூன்றே காக்கப்படும். நான்கு முறை மீண்டும் இயக்கினால் முதற் கோளாற்றின் சாட்சியம் மறைந்துவிடும். ஆகவே முதலில் அந்தப் பதிவைத் தனியே எடுத்துவைத்து, அதன் கடைசிப் பகுதியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதே நான் இப்போது கைக்கொள்ளும் முறை.

புறத்தேர்வாளர் வந்த அன்று தோழரின் மடிக்கணிப்பொறியில் இயக்கிக் காட்டினோம். கீழ் மூலையில் அதே பச்சை ஆமை இருந்தது. தேர்வாளர் அதைச் சுட்டி இஃது என்ன என்று கேட்டார். விருந்தாளி எழுந்து முடிப்பதற்குள் விடையை முழுவதும் சொல்லி முடிக்க எங்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது.