விசா இருக்கிறது, சட்டநிலை இருக்கிறதா?

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்குச் சென்னையில் விசா கிடைத்துவிட்டால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால், பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா அந்நாட்டு வாசல்வரை போக உதவுவது. உள்ளே போனபின் ஒருவரைச் சட்டப்படி அங்கே இருக்கவைப்பது எஃப்-1 என்கிற மாணவர் சட்டநிலை. விசா காலாவதியானாலும் சட்டநிலை நீடிக்கலாம். விசாவில் இன்னும் சில ஆண்டுகள் மிச்சமிருக்கும்போதே சட்டநிலை போய்விடவும் கூடும்.

அந்த நிலைக்கு ஆதாரம், கல்லூரி தரும் ஐ-20 படிவமும் செவிஸ் என்ற அரசு மின்பதிவேடும். அப்பதிவேட்டில் மாணவரின் விவரத்தை ஏற்றும் கல்லூரி அலுவலரை டி.எஸ்.ஓ. என்பார்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். படிப்பிலோ வேலையிலோ எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன்பே அவரிடம் கேட்டாக வேண்டும். செய்துவிட்டுப் போய் நின்றால், பல நேரங்களில் அவர் நினைத்தாலும் உதவ முடியாது.

ஒரு பாடம் பிடிபடவில்லை, விட்டுவிடலாம் என்று தோன்றும் கட்டம் பலருக்கும் வரும். இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். முதுகலைக்குக் கல்லூரியே அளவை வகுக்கும். ஆன்லைன் வகுப்பில் பொதுவாக ஒன்றுதான் இந்தக் கணக்கில் சேரும். உடல்நலம் கெட்டால் மருத்துவர் சான்றுடன் பாடச்சுமையைக் குறைக்க டி.எஸ்.ஓ. அனுமதிக்கலாம். ஒரே படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதம்வரை இந்தச் சலுகை உண்டு. உரிமம் பெற்ற உளவியலாளர் தரும் சான்றும் செல்லும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மன உளைச்சலை வெளியே சொல்லத் தயங்கி, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே முடங்கி, சட்டநிலையையும் சேர்த்து இழப்பது மிகப் பெரிய கொடுமை. கேட்டிருந்தால் விதியே அவருக்கு இடம் கொடுத்திருக்கும்.

அடுத்தது வேலை. கல்லூரி வளாகத்துக்குள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். வெளியே என்றால் அனுமதி வேண்டும். படிப்போடு இணைந்த பயிற்சிக்கு சி.பி.டி., படிப்பை ஒட்டிய ஓராண்டுப் பணிக்கு ஓ.பி.டி. இரண்டும் இல்லாமல் பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ கையில் பணம் வாங்கிக்கொண்டு நிற்பது மீறல்தான். கல்விக்கடன் வட்டி ஏறுகிறதே என்ற கவலைதான் பிள்ளைகளை அங்கே தள்ளுகிறது. எதிர்பாராத பணநெருக்கடி வந்தவர், ஓராண்டு முழுநேரம் படித்திருந்தால், வெளியே வேலை செய்யும் அனுமதிக்கு முறையாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இது பெற்றோர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்லி வற்புறுத்தும் முன் இதை யோசியுங்கள்.

வகுப்பே இல்லாமல் முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று ஆசை காட்டும் கல்லூரிகளிடம் நெருங்கக்கூடாது. கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் 2011இல் முடக்கப்பட்டபோது, அங்கே சேர்ந்திருந்த இந்திய மாணவர்கள் சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் குடிவரவுத் துறையே நடத்திய பொறி. 2019இல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது, ஏமாந்து கட்டணம் கட்டியதாகச் சொன்ன மாணவர்களும் கைதானார்கள்.

சட்டநிலை போய்விட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. ஐ-539 படிவத்தில் மீட்பு கோரலாம். பொதுவாக ஐந்து மாதத்துக்குள் கேட்க வேண்டும். தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் தவறியது என்றோ, டி.எஸ்.ஓ. அனுமதித்திருக்கக்கூடிய பாடக்குறைப்புதான் அது என்றோ காட்ட வேண்டும். அனுமதியின்றி வேலை செய்தவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. அதனால்தான் பாடத்தில் வரும் சறுக்கலைவிட கள்ள வேலை ஆபத்தானது. இன்னொரு வழி, நாட்டைவிட்டு வெளியேறி, புதிய ஐ-20 பெற்று, மீண்டும் நுழைவது. செலவும் தாமதமும் உண்டு, ஆனால் முறையான வழி.

பதிவேடே தவறு செய்வதும் உண்டு. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அரசு திடீரென முடித்துவைத்தது. அவர்களில் சிலர்மேல் இருந்தது, தள்ளுபடியான ஒரு சிறு போக்குவரத்து வழக்கு மட்டுமே. மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் இடைக்காலத் தடை கொடுத்தார்கள். ஏப்ரல் 25 அன்று அரசு பதிவுகளை மீட்பதாக நீதிமன்றத்தில் சொன்னது. வகுப்பு வருகைச் சான்று, மதிப்பெண், கட்டண ரசீது, டி.எஸ்.ஓ.வின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவைப்பது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். விசா ரத்து என்று கடிதம் வந்தால் சட்டநிலையும் தானாகப் போய்விட்டது என்று நினைத்து ஓடிவந்துவிடாதீர்கள். முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பல கல்லூரிகளில் இலவச சட்ட உதவி உண்டு. உரிமம் இல்லாத முகவர் பணம் வாங்கிக்கொண்டு நிரப்பித் தரும் படிவத்தால் நிலைமை மோசமாகலாம்.

அதிகாரிகள் பிடித்தால் பேசாமல் இருக்க உரிமை உண்டு. சொந்தச் செலவில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு. படித்துப் புரியாத எதிலும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். வியன்னா ஒப்பந்தப்படி அதை மறுக்க முடியாது.