வகுத்தற் கணக்கில் வந்த பிழை

ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்கு ஏறும் மலை இரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. 2011-இல் புதிய வண்டிகள் வந்தபோது, முதல் மாதங்களில் அவை பலமுறை பழுதுபட்டு நின்றன. பயணிகள் வெகுண்டனர்; செய்தித்தாள்கள் இடித்துரைத்தன. அதுவே முறை. ஆனால், கணினி நடுவேலையில் நின்றுவிட்டால் எவரும் வெகுள்வதில்லை. அணைத்து மீண்டும் முடுக்கிவிட்டு வாளாவிருக்கின்றனர். இப்பொறுமை எங்ஙனம் வந்தது?

இது தொன்றுதொட்டு இருந்ததன்று என்பதற்கு 1994-ஆம் ஆண்டு சான்றாகும். அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில் நிறுவிய இன்டெல் நிறுவனம், பென்டியம் என்னும் சில்லை அப்போது விற்றுவந்தது. அச்சில்லு தவறாக வகுக்கின்றது என்பதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டறிந்தார். 4,195,835-ஐ 3,145,727-ஆல் வகுத்தால் 1.33382 வருதல் வேண்டும், பென்டியம் 1.33374 என்றது. நம் வகுப்பறையில் இவ்விடைக்கு மதிப்பெண் கிடையாது. வகுத்தலுக்குத் துணையாகச் சில்லினுள் பொறித்திருந்த அட்டவணையில் ஐந்து எண்கள் விடுபட்டதே காரணம். சாதாரணமாகப் பயன்படுத்துவோர்க்கு 27,000 ஆண்டுகளில் ஒருமுறையே பிழை நேரும் என்று நிறுவனம் கணக்குக் காட்டிற்று. தேவையை மெய்ப்பிப்போர்க்கு மட்டுமே மாற்றித் தருவோம் என்றது. மக்கள் ஒப்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், கேட்போர்க்கெல்லாம் மாற்றித்தர இன்டெல் இணங்கியது. அதனால் நேர்ந்த செலவு 47 கோடியே 50 இலட்சம் டாலர்.

பொறித்துவிட்ட அட்டவணையைத் திருத்த வழியில்லை, சில்லையே மாற்றவேண்டியதாயிற்று. மென்பொருள் அத்தகையதன்று. இணையம் பரவியபின் எந்நாளும் திருத்தம் அனுப்பலாம். இது நன்மையே, ஆயினும், விற்றபின் சரிசெய்துகொள்ளலாம் என்னும் துணிவும் உடன் வந்துவிட்டது. உரிம ஒப்பந்தங்களிலோ, ‘உள்ளது உள்ளவாறே தரப்படுகின்றது’ என்னும் வாசகம் காணப்படும். அதனை முழுதும் படித்தவர் யாவரோ!

2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு திருத்தம், விண்டோஸ் கணினிகள் ஏறத்தாழ 85 இலட்சத்தை முடக்கிற்று. 21 உள்ளீடுகள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 20 மட்டுமே இருந்தன. மீண்டும் ஓர் எண்ணிக்கைப் பிழை! நம் நாட்டில் ஏர் ஆசியா பயணிகளைக் கைமுறையாகப் பதிவுசெய்ய நேர்ந்தது. முடங்கிய கணினிகளுள் பலவற்றை ஆள் சென்று ஒவ்வொன்றாகச் சரிசெய்யவேண்டியிருந்தது. வழக்கிட்ட நிறுவனங்கள் உண்டு. பொதுமக்களோ, ‘கணினி என்றால் அப்படித்தான்’ என்று ஆறிவிட்டனர்.

ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2026 டிசம்பர் 9-க்குப் பின் அங்குச் சந்தைக்கு வரும் மென்பொருளும், மற்றப் பொருள்களைப் போலவே, குறையினால் விளையும் தீங்கிற்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்பது அதன் விதி.